பயமறியாத பிள்ளையும் விலைகூடிய நாய்களும்

என் மகனுக்கு நாய் என்றால் பயமே கிடையாது என்று இரண்டு குற்றால சீசனாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நாய் ஒன்றாகக் குரைத்தாலும் தொட்டிலில் அசையாமல் தூங்குவான். விழித்திருந்தால் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தன்னைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயையே உற்றுப் பார்த்துச் சிரிப்பான். நாயை எங்களிடம் விட்டுப்போக வருகிறவர்கள் போனை எடுத்து வீடியோ பிடிப்பார்கள். "புலிக்குட்டியல்லா பெத்து வச்சிருக்கீங்க" என்று ஒரு அக்கா சொன்னபோது, நானே எதையோ சாதித்துவிட்டதுபோல நின்றேன். பிள்ளை விஷயத்தில் பெருமைப்பட எனக்கு அப்போது வேறு ஒன்றும் இல்லை. அவனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா, அப்பா எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலோ கரண்ட் போய்விட்டாலோ தொண்டையிலிருந்து ஒரே மாதிரி ஒரு சத்தம் வரும். நான் விலங்கியலில் முதுகலை, பி.எட்., ஒரு வருடம் பள்ளியில் பாடமும் நடத்தியவள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையைப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். பேச்சு என்ற வரியில் மட்டும் எந்தக் கட்டத்திலும் டிக் விழவில்லை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். இவன் அப்பாவே மூன்று வயதில்தான் வாய் திறந்தான் என்று அத்தை, அதாவது என் மாமியார், சொன்னார். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ என்று பிறகு யோசித்தேன். தடவியதில் என்ன கெட்டுவிட்டது என்றும் யோசித்தேன். எதையும் இரண்டு பக்கமாக யோசித்து இரண்டு பக்கமும் குற்ற உணர்ச்சி கொள்வது என் வழக்கம்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, தென்னந்தோப்பு ஓரமாக இருக்கிறது. மாமனார் பிராய்லர் கோழி வளர்த்துப் பார்த்துக் கைவிட்ட தகரக் கொட்டகை ஒன்று பின்னால் சும்மா கிடந்தது. மகனுக்கு ஒரு வயது ஆகியிருந்த ஆனி மாதத்தில் ஒருநாள், மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரம் நின்ற காருக்குள் ஒரு வெள்ளை நாயைப் பார்த்தேன். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டிருந்தார்கள். சாரல் விட்டு வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. நாய் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி இரைத்துக்கொண்டிருந்தது. அருவிக்கரைக்கு நாயைக் கூட்டிப்போக முடியாது, தங்கும் விடுதிகளிலும் சேர்ப்பதில்லை. ஆசையாக ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் கடைசியில் காரில் பூட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார்கள். ஈரத் தலையோடு திரும்பி வந்த அந்த மதுரைத் தம்பதியிடம் எங்கள் தோப்பைக் காட்டி, நிழலும் தண்ணீரும் இருக்கிறது என்றேன். அவர்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டு நாள் பகல் முழுக்க அது எங்களிடம் இருந்தது. கொட்டகை நாய்க் கொட்டகை ஆனது இப்படித்தான்.

அந்த வெள்ளை நாய் சமோயெட். சைபீரியப் பனியில் கலைமான் மேய்த்தவர்களின் நாய். பகலில் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும், இரவில் கூடாரத்துக்குள் குழந்தைகளோடு படுத்து அவர்களைக் குளிரிலிருந்து காப்பாற்றும் என்று படித்தேன். அதனால்தானோ என்னவோ, யாரைப் பார்த்தாலும் வாலாட்டியது. தேங்காய் பறிக்க வந்தவரிடமும் போய் முகத்தை நீட்டியது. "இம்புட்டு வெல குடுத்து வாங்குனது திருடனையும் வாங்கன்னுல்லா கூப்பிடும் போல" என்று அவர் சிரித்தார்.

நான் பிறந்தது திருவேங்கடம் பக்கம். கரிசல் காட்டில் முயல் விரட்டுகிற, விலா எலும்பு தெரிகிற ஒல்லி நாய்கள் எங்கள் தெருவிலேயே படுத்திருக்கும். கேட்டால் குட்டியைச் சும்மாவே கொடுப்பார்கள். இப்போது அதையும் சிப்பிப்பாறை என்று பெயர் சொல்லிச் சென்னைக்காரர்கள் விலைக்கு வாங்கிப்போகிறார்கள். நாய்க்கு ஒரு ஊரும் அந்த ஊருக்கேற்ற குணமும் உண்டு என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் பூமிப்பந்தின் மூலைகளிலிருந்தெல்லாம் நாய்கள் எங்கள் கோழிக் கொட்டகைக்கு வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

வந்தன. கணவர் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். விடுமுறை நாட்களில் தடுப்புகள் அடித்துக் கொடுத்தார், மின்விசிறிகள் மாட்டினார். நான் ஒரு நீள நோட்டுப் போட்டேன். கொண்டுவருகிறவர்கள் முதலில் விலையைச் சொல்வார்கள், அடுத்து நாயின் தாய் தகப்பனுக்கான வம்சச் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் நாயின் பெயர். எனக்கு வேண்டியது குணம். கடிக்குமா, எதற்குப் பயப்படும், யாரோடு ஒத்துப்போகும் என்று கேட்டு எழுதுவேன். என் நோட்டில் முதல் கேள்வி, "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமா?" என்பது. ஒவ்வொரு நாயையும் நானே பின்பக்கமாக நின்று கூப்பிட்டுப் பார்த்துத்தான் அந்த இடத்தை நிரப்புவேன்.

குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டிய ஒரு குடும்பம் வீட்டுப் பால்காய்ப்பு முடிந்த கையோடு பிரெஞ்சு புல்டாக் வாங்கியிருந்தது. வெளியூர் போகும்போது என்னிடம் விடுவார்கள். லேஸ் பின்னுகிற தொழிலாளர்கள் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் பிழைக்கப் போனபோது கூடவே கொண்டுபோன குட்டி நாய்களின் வம்சம் அது. வேட்டையும் தெரியாது, காவலும் தெரியாது. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் உள்ளி உரிக்க உட்கார்ந்தால் என் காலில் தாடையை வைத்துக்கொள்ளும். தட்டை மூக்கால் அது மூச்சு விடுகிற சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஈரத்துணி, மின்விசிறி, ஐஸ் என்று சுற்றிச் சுற்றி வருவேன்.

புனலூரிலிருந்து ஒரு வியாபாரி திபெத்திய மஸ்டிஃப் கொண்டுவந்தார். கன்றுக்குட்டி அளவு, கழுத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி முடி. "பேடிக்கண்டா, பாவமாணு", பயப்பட வேண்டாம், சாதுதான், என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் ஐந்தருவிக்குப் போய்விட்டார். மலைமேட்டில் ஆட்டு மந்தைக்கும் மடங்களுக்கும் இரவுக் காவல் இருந்த இனம். பகலில் தூங்குவதுதான் அதன் வேலை. மூன்று நாளும் பகலெல்லாம் தூங்கியது. நான்தான் அது மூச்சு விடுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். சௌ சௌ ஒன்று வந்தது. சீனத்து நாய், நாக்கு நாவல்பழம் தின்றதுபோல நீலம். யாரையும் மதிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஜப்பானின் வடக்கு மலைகளில் கரடி வேட்டைக்கு வளர்த்த அகிடா ஒன்று இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரே ஒருமுறை குரைத்தது. போய்ப் பார்த்தால் கொட்டகை மூலையில் பாம்பு. அதற்குமேல் அது குரைக்கவில்லை, நான்தான் அன்று முழுக்க டார்ச்சோடு மூலைமூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒவ்வொன்றையும் கவனித்து, எந்த ஊரில் என்ன வேலை பார்த்ததோ அதுதான் நாயின் குணம் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வீட்டில் மகனையும் அதேபோலக் கவனிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவிடுவான் என்று கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவன் ஓடியது சத்தம் கேட்டு அல்ல. பைக் திருப்பத்தில் வரும்போதே நாய்கள் எழுந்து ஒரே பக்கமாகத் திரும்பும். அவன் நாய்களைப் பார்த்து ஓடினான். இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

இரண்டாவது சீசனில், ஆடி தொடங்கி ஒரு வாரம் இருக்கும், சிவகிரியிலிருந்து ஒருவர் ராஜபாளையம் நாயோடு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. மனைவியும் பிள்ளைகளும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அருவிக்குப் போக, அவர் மட்டும் நாயோடு இறங்கிக்கொண்டார். "இது யார்ட்டயும் நிக்காதும்மா. நானும் இங்கனயே உக்காந்துக்கிடுதேன், உங்க கூலியைக் குடுத்திருதேன்" என்றார். ஜமீன்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கும் கோட்டைக் காவலுக்கும் வைத்திருந்த இனம், ஒருவரைத்தான் எஜமான் என்று ஏற்றுக்கொள்ளும், வேற்று ஆள் தொட விடாது. எனக்கும் அவர் இருப்பது நிம்மதியாகத்தான் இருந்தது.

பார்க்க அவ்வளவு அழகான நாய். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, சுண்ணாம்பு வெள்ளை. மூக்கு, கண்ணிமை, உதடு எல்லாம் ரோஜா நிறம். நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்து, "அதுக்குக் காது கேக்காதும்மா" என்றார். பிறகு காலால் பலகையைத் தட்டினார். நாய் உடனே திரும்பி அவர் கையைப் பார்த்தது. உள்ளங்கையைக் கீழே காட்டினார், உட்கார்ந்தது.

சாரல் சேற்றுக்காகக் கொட்டகை வாசலில் நீளமாகப் பலகைகள் போட்டிருந்தோம். ஒரு முனையில் அவரும் நாயும். சங்கிலி அவர் கையில் சுற்றியிருந்தது. மறுமுனையில் என் மகன் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தேங்காய்ச் சிரட்டைகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். நான் இடையில் இரண்டு தடவை வந்து சங்கிலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற நாய்களுக்குச் சோறு வைக்கப் போனேன். போகும்போது மகனை, சேற்றில் இறங்காதே என்று சத்தம் போட்டேன். இறங்கினான். மறுபடி சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் இதே போல நாலைந்து தடவை கூப்பிட்டும் வராததற்கு முதுகில் ஓர் அடி வைத்திருந்தேன். அன்றும் கையை ஓங்கிக்கொண்டுதான் போனேன்.

அவர் எழுந்து நின்றார். "தங்கச்சி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நான் பலகையத் தட்டுனா என் நாய் திரும்புது, உங்க பயலும் திரும்புதான். அங்கன அத்தன நாயும் கத்துச்சு, ரெண்டும் திரும்பல."

"என் பிள்ளைய நாயோட வச்சுப் பேசாதீங்க" என்றேன். படித்தவள், வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. நாயின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "நாலு மாசம் இத அடிச்சிருக்கேம்மா" என்றார். "கூப்பிட்டா வரலன்னு, திமிரு புடிச்ச நாய்ன்னு, வாரக் கழட்டி அடிச்சிருக்கேன். எதுக்கு அடிக்கான்னு தெரியாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும். அப்புறந்தான் டாக்டர் சொன்னாரு. ஒரு கறுப்புப் பொட்டு இல்லாத வெள்ளைன்னுதான் அம்புட்டு ஆசையா வாங்குனது. அந்த வெள்ளைதான் காதக் கெடுத்திருக்கு. எனக்கு முன்னாலயே ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த அடி விழுந்திருக்காது. அதனாலதான் சொன்னேன். நான் நெனைக்கது தப்பாக்கூட இருக்கும்."

நான் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அவர் குடும்பம் திரும்பி வந்து, கார் கிளம்புகிற வரை வெளியே வரவில்லை. மாமனார்தான் போய் வழியனுப்பினார்.

உள்ளே போய் முதலில் அவனுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொன்னேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன், திரும்பினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்கிறது, அந்த ஆள் என்ன கண்டார். அடுத்த நிமிடமே சந்தேகம். தரை அதிர்ந்ததை உணர்ந்து திரும்பினானோ? அவனைக் கட்டில் மெத்தையில் உட்காரவைத்து, ஜன்னலுக்கு வெளியே போய் நின்று அதே தட்டைக் கரண்டியால் அடித்தேன். அவன் தன் கால் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பி வழியே அவன் முதுகைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே இருந்தேன். அத்தை ஓடிவந்து, "ஏட்டி, என்ன கிறுக்கு புடிச்சிருக்கா" என்று கேட்டு என் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, நம்பாமல் இருக்க என்னைவிடவும் ஆசைப்பட்டார். பள்ளியில் பயன்படுத்துகிற விசிலை எடுத்து, மகனின் தலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்று ஊதினார். கொட்டகையில் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. மகன் தரையில் மெழுகுப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே இருந்தான். கணவர் விசிலைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "நாளைக்கே திருநெல்வேலி போயிருவோம்" என்றார்.

போவதற்காக மருத்துவப் பைலை எடுத்தபோது ஒரு தாள் கண்ணில் பட்டது. குழந்தை பிறந்த சில வாரங்களில் காது பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தது. அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். பிறகு போகலாம் என்று நானே மடித்து வைத்திருக்கிறேன். மடிப்புக் கூடக் கலையவில்லை. அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை, டாக்டரிடம் மட்டும் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தூக்க மருந்து கொடுத்து, தலையில் வயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதும் கடுமையான குறை. ரொம்பப் பெரிய சத்தம்தான் கொஞ்சம் எட்டும், பேச்சு எட்டவே எட்டாது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகள் இருபதுக்கு மேல். ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. "ரொம்ப லேட்டா வந்துட்டோமா?" சோதித்த பெண் என்னைவிடச் சின்னவள். "பிறந்த உடனே வந்திருந்தா இன்னும் நல்லது" என்றாள். "ஆனா நாலு வயசு, அஞ்சு வயசுலதான் நெறயப் பேர் வருதாங்க. பிள்ளைக்குப் பிடிவாதம்னு நெனச்சுட்டு இருந்துருதாங்க. நீங்க ரெண்டே கால் வயசுல கொண்டு வந்திருக்கீங்களே. யார் சொல்லி வந்தீங்க?"

ஒரு நாய்க்காரர் சொல்லி வந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டி அவர் நம்பரைத் தேடி எடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொண்டு அழைத்தேன். நான் யாரென்று சொன்னதும் அவரே, "புள்ளைக்குக் காட்டுனீங்களாம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "நாயோட வச்சுப் பேசிட்டமேன்னு எனக்கு வீட்டுல வந்து சோறு எறங்கல" என்றார். அண்ணாச்சி, நீங்கள் பேசாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. எழுதிவைத்த பக்கம் அப்படியே கிடந்தது. அடி வாங்கிய அந்த நாயிடமும் ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனிடம் என்ன சொல்வது? ஒரு டப்பா பிஸ்கட் பார்சலில் அனுப்பினேன். அந்த இனம் வேற்று ஆள் கொடுத்ததைத் தின்னாது என்று அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது.

ஒரு மாதத்தில் இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி வந்தது. போதவில்லை என்றால் பிறகு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றார்கள். சாரல் ஈரம் கருவிக்கு ஆகாது, கழற்றியதும் ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். குருணை நிறம் மாறிவிட்டதா என்று நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. திறந்து திறந்தே ஈரத்தை உள்ளே விடுகிறேன் என்று கணவர் சொன்ன பிறகு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

கருவியோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் எங்களுக்குக் கற்பனை நிறைய இருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் திரும்புவான், நான் அழுவேன் என்றெல்லாம். காரை விட்டு இறங்கியதும் கொட்டகையிலிருந்த ஒரு நாய் குரைத்தது. அவன் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அவன் குரலே அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், இன்னும் பயந்து இன்னும் பெரிதாக வீறிட்டான். கம்பிவலையைப் பிடித்துச் சிரித்த பிள்ளை, அதற்குப் பிறகு பின்வாசல் பக்கமே வர மறுத்தான். குரைப்புக் கேட்டால் கருவியைப் பிடுங்கி எறிவான்.

"சிரிச்சிக்கிட்டுக் கெடந்த புள்ளய இப்படி நடுங்க வச்சிட்டீங்களே" என்றார் அத்தை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த எண்ணம் வந்து போனது. ஆனால் அவன் என் தோளில் முகம் புதைத்து நடுங்கும்போது, அந்த நடுக்கத்தைக் கையால் தடவிக்கொடுத்தபடி, கடவுளே கேட்கிறது, இவனுக்குக் கேட்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். பிள்ளை பயந்து அழுவதைப் பார்த்து நன்றி சொன்னவள் நான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

பேச்சுப் பயிற்சிக்குத் தென்காசியில் வாரம் இரண்டு நாள். கருவி இல்லாமல் பேச்சு இல்லை, அதனால் கருவியைக் கழற்றாமல் இருக்கப் பழக்குவதுதான் முதல் பாடம் என்றார் பயிற்சி தருகிறவர். வீட்டில் சத்தத்தைக் குறையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு சத்தம் போதும், சத்தம் கேட்டால் காதைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கொடுங்கள் என்றார். நாய்க் கொட்டகையை நடத்திக்கொண்டு எப்படி வீட்டில் சத்தத்தைக் குறைப்பது? மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூடினால் பயிற்சிக்குக் கட்டப் பணம் எங்கே என்று அடுத்த நாள் முடிவை மாற்றினேன். கடைசியில் நோட்டில் குணத்துக்குப் பக்கத்தில் குரல் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஒரு நேரத்தில் இரண்டு நாய்தான். அதிகம் குரைக்காத இனம் என்றால் சரி. ஊளையிடுகிற, சளசளவென்று கத்துகிற இனம் என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் இடமில்லை. அகிடா வைத்திருப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ராஜ மரியாதையோடு வரலாம் என்று கணவர் கேலி செய்தார். இப்படி எட்டொன்பது மாதம் போனது. கருவி காதில் தங்கப் பழகியது. கதவு தட்டினால் காதைத் தொட்டான். மிக்சிக்குத் தொட்டான். வாயிலிருந்து மட்டும் பழைய அந்த ஒரே சத்தம்தான்.

அடுத்த சீசன் தொடங்கிய நாட்களில் ஒரு கல்லூரிப் பெண் தன் பெற்றோரோடு வந்தாள். கையில் பீகிள். முயலை மோப்பம் பிடித்து விரட்ட இங்கிலாந்தில் வளர்த்த நாய். காட்டுக்குள் எங்கே ஓடுகிறது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகவே நீளக் குரல் உள்ளதாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய இனம். என் பட்டியலில் இடமே இல்லாதவற்றில் முதலாவது. முடியாது என்றேன். அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, எப்போது குளிக்க விடாமல் மூடுவார்கள் என்று தெரியாது, ஒரு மணி நேரம் மட்டும் அக்கா என்று அவள் கிட்டத்தட்ட அழுதாள். தோப்பின் கடைசித் தென்னையில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், கட்டிவிட்டு வந்தேன். கட்டிய கையோடு வருத்தப்பட்டேன்.

கார் போனதும் அது தொடங்கியது. குரைப்பு இல்லை. கழுத்தை மேலே தூக்கி ஒரே இழுப்பாக இழுத்து, முடிவில் வளைத்து விடுகிற குரல். மகன் சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணித் தோல்களைக் கிள்ளிக்கொண்டிருந்தான். நான் அவனைத் தூக்கக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவன் அழவில்லை. தலையை நிமிர்த்தினான். கண் ஓரிடத்தில் நின்றது. விரலால் காதைத் தொட்டான். என்னைப் பார்த்தான். நானும் காதைத் தொட்டேன். வெளியே மறுபடி ஒருமுறை இழுத்தது. தூரம் அதைக் கொஞ்சம் மெல்லியதாக்கியிருந்தது.

அவன் உதட்டைக் குவித்தான். "ஊ" என்றான்.

நான் அசையவில்லை. நாய் மறுபடி இழுத்தது. அவன் இந்த முறை கழுத்தையும் தூக்கி, "ஊ...ஊ" என்று அது இழுத்த அளவுக்கு இழுத்து, அது வளைத்த இடத்தில் வளைத்தான். பிறகு பட்டாணித் தோலை எடுத்துக் கிள்ளினான்.

அத்தை உள்ளறையிலிருந்து வந்து நின்றார். "அம்மான்னு சொல்லுவாம்னு பாத்தா, நாய் மாதிரில்லா ஊளயிடுதான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் போனில் பதிவு செய்து பயிற்சி தருகிறவருக்கு அனுப்பினேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறான், இதற்காகத்தானே காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. கணவருக்கும் அனுப்பினேன். அவர் உடனே மைதானத்திலிருந்து அழைத்து, போனை அவன் வாய்ப்பக்கம் வை என்றார். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் ஓடிவந்தாள். அருவியை மூடிவிட்டார்களாம், தலை கூட நனையவில்லை. "ரொம்பக் கத்துச்சாக்கா? சாரிக்கா. வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் சண்டைக்கு வருவாங்க" என்று சங்கிலியை அவிழ்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, என் சேலைக்குப் பின்னால் பாதி முகத்தோடு நாயைப் பார்த்தான். கொட்டகைப் பக்கம் அவன் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"நாளைக்கு எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"பழைய குற்றாலம் தொறந்திருந்தா போலாம்னு அப்பா சொன்னாங்க. இவன நாங்க கார்லயே வச்சுக்கிடுதோம்க்கா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

"வேண்டாம்மா" என்றேன். "இங்கயே கொண்டாந்து விடு. காலையிலயே விட்டுரு."